போன் வெளிச்சத்தில் பரு போகுமா? ஒளி, அளவு, நேரம்: ஒரு கணக்கு

போன் திரையை நீலமாகவோ சிவப்பாகவோ எரியவிட்டு இரண்டு நிமிடம் கன்னத்தில் ஒட்டி வைத்தால் பரு அடங்கும் என்று சொல்லும் செயலிகள் வந்திருக்கின்றன. அவற்றால் பரு அடங்காது. பதிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இதைத் தேடுகிற பிள்ளைகளுக்குப் பதினைந்து, பதினாறு வயதுதான் இருக்கும், அந்த வயதில் மூன்று மாதம் வீணாவது சின்ன விஷயமில்லை. பரு எப்படியும் ஒருநாள் வற்றிவிடும், அது விட்டுப்போகிற பள்ளம் வற்றாது.

ஆனால் "ஏமாற்று வேலை, விடு" என்று தள்ளிவிடவும் முடியாது, ஏனென்றால் இந்தப் பேச்சுக்குப் பின்னால் நிஜமான ஆராய்ச்சி ஒன்று இருக்கிறது. 2011இல் அமெரிக்காவில் இரண்டு செயலிகள் மாட்டின. ஒன்று 'ஆக்னே ஆப்', ஐபோனுக்கு, விலை 1.99 டாலர், சுமார் 11,600 பேர் இறக்கியிருந்தார்கள். இன்னொன்று 'ஆக்னே போனர்', ஆண்ட்ராய்டுக்கு, 99 சென்ட், சுமார் 3,300 பேர். போன் வெளிச்சம் பருவைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை என்று அந்த நாட்டின் கூட்டாட்சி வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. பணம் கட்டவும், அப்படி விளம்பரம் செய்வதை நிறுத்தவும் இரு தரப்பும் ஒப்புக்கொண்டன. முதல் செயலியின் விளம்பரம் பிரிட்டிஷ் தோல் மருத்துவ இதழில் வந்த ஆய்வு ஒன்றைக் காட்டியிருந்தது. அந்த ஆய்வு பொய்யில்லை. 2000இல் வெளிவந்தது. லேசானதும் நடுத்தரமானதுமான பரு உள்ள 107 பேரை நான்கு குழுவாகப் பிரித்தார்கள். நீல ஒளி, நீலமும் சிவப்பும் கலந்த ஒளி, சாதாரண வெள்ளை ஒளி, பருவுக்குப் பூசும் 5 சதவீத பென்சாயில் பெராக்சைடு க்ரீம். தினமும் 15 நிமிடம், 12 வாரம். நீலமும் சிவப்பும் சேர்ந்த குழுவில் சிவந்து வீங்கிய பருக்கள் சராசரியாக 76 சதவீதம் குறைந்தன. விளம்பரத்தில் எடுத்துப் போட்டதும் இந்த 76தான். அந்த ஆய்வில் எரிந்த விளக்கு என்ன விளக்கு, எவ்வளவு வீச்சு (தோலில் விழும் ஒளியின் பலம்) என்பதை மட்டும் விட்டுவிட்டார்கள்.

பருவுக்குள் ஒளி என்ன செய்கிறது

பரு உண்டாகும் துளைக்குள் குடியிருக்கும் கிருமியின் பெயர் கியூட்டிபாக்டீரியம் ஆக்னஸ். அது வளரும்போது போர்ஃபைரின் என்ற பொருளைத் தனக்குள் உண்டாக்கிக்கொள்கிறது. ஊதா கலந்த நீல ஒளியை, குறிப்பாக அலைநீளம் 415 நானோமீட்டர் அருகே உள்ளதை, போர்ஃபைரின் வாங்கிக்கொள்ளும். வாங்கிய சக்தியைப் பக்கத்திலிருக்கும் ஆக்சிஜனுக்குத் தரும். அந்த ஆக்சிஜன் வெறிகொண்டு கிருமியின் உறையையே அரித்துவிடும். கிருமி தன் உடம்பில் தானே வைத்திருக்கும் மருந்துதான் அதைக் கொல்கிறது, ஒளி திரியைப் பற்றவைக்கிறது, அவ்வளவுதான். சிவப்பு ஒளிக்கு, 630 முதல் 660 வரை, போர்ஃபைரின் கொஞ்சமாகத்தான் மசியும். ஆனால் அது தோலுக்குள் ஆழமாக இறங்கும், வீக்கத்தைத் தணிக்கும் என்று கருதப்படுகிறது.

இதில் கவனிக்க வேண்டியது 415 என்ற எண். போன் திரையின் நீலம் 415 இல்லை. எல்.சி.டி திரைக்குப் பின்னால் இருக்கும் வெள்ளை எல்.இ.டியின் நீல முனை, அதாவது நீலம் உச்சமாக இருக்கும் அலைநீளம், 450ஐ ஒட்டி இருக்கும். ஓ.எல்.இ.டி திரைகளில் 460 பக்கம். கண்ணுக்கு இதம் என்று விற்கிற திரைகளில் இந்த முனையை இன்னும் மேலே தள்ளியிருப்பார்கள். கண்ணுக்கு எல்லாம் ஒரே நீலமாகத்தான் தெரியும். போர்ஃபைரினுக்கு அப்படியில்லை. 415இல் அள்ளிக் குடிப்பது, 450இல் சிப்பி அளவுதான் குடிக்கும். திரையில் என்ன நிறத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அதில் இல்லாத அலைநீளத்தைச் செயலியால் வரவழைக்க முடியாது. ஏற்கெனவே உள்ள மூன்று நிறப் புள்ளிகளைக் கூட்டிக் குறைப்பது மட்டுமே அதன் வேலை.

கணக்கு

நிறத்தை விட்டுவிடுவோம். போனுக்குச் சாதகமாகவே, திரையின் நீலம் முழுவதும் வேலை செய்யும் நீலம் என்றே வைத்துக்கொண்டு அளவைப் பார்ப்போம்.

500 நிட்ஸ் வெளிச்சம் உள்ள திரையை முழு வெள்ளையில் வைத்துத் தோலோடு ஒட்டினால் அங்கே சுமார் 1,500 லக்ஸ் அளவு வெளிச்சம் விழும். வெள்ளை எல்.இ.டி ஒளிக்கு ஒரு வாட் சக்திக்குச் சுமார் 300 லூமன் வெளிச்சம் என்று எடுத்துக்கொண்டால், சதுர சென்டிமீட்டருக்கு 0.5 மில்லிவாட். அதில் நீலத்தின் பங்கு தாராளமாக 0.15 மில்லிவாட். இரண்டு நிமிடம், அதாவது 120 விநாடி வைத்தால் அங்கே சேரும் மொத்தச் சக்தி 0.018 ஜூல். 12 வாரம், 84 நாள் விடாமல் வைத்தால் மொத்தம் 1.5 ஜூல்.

2000ஆம் ஆண்டு ஆய்வில் நீல ஒளி சதுர சென்டிமீட்டருக்கு 4.23 மில்லிவாட், தினம் 15 நிமிடம். பெருக்கிப் பார்த்தால் ஒரு நாளைக்கு 3.8 ஜூல், 12 வாரத்துக்கு 320 ஜூல். போன் தருவது அதில் இருநூறில் ஒரு பங்கு. அதுவும் தவறான நீலத்தில். தோல் மருத்துவமனைகளில் வைக்கும் விளக்குகளில் சில 40 மில்லிவாட் வீச்சுள்ளவை. அவற்றில் ஒரே அமர்வில், 20 நிமிடத்தில், 48 ஜூல் விழுந்துவிடும். ஆய்வில் ஒரு நாளைக்குக் கொடுத்த அளவைப் போனிலிருந்து பெற வேண்டுமானால் ஒரு கன்னத்துக்கு ஏழு மணி நேரம் வைத்திருக்க வேண்டும். மறு கன்னத்துக்கு இன்னொரு ஏழு. நெற்றியையும் சேர்த்தால் இருபத்தொரு மணி நேரம்.

நடைமுறையில் இந்த 0.15கூடக் கிடைக்காது. கன்னத்தில் வைத்தவுடன் போனின் ஒளி உணரி இருட்டு என்று நினைத்துத் திரையை மங்கலாக்கும். பெட்டியில் 1,000 நிட்ஸ், 2,000 நிட்ஸ் என்று போட்டிருப்பதெல்லாம் வெயிலில் நிற்கும்போது சிறிது நேரத்துக்கு வரும் உச்சம். தானியங்கி வெளிச்சத்தை அணைத்துவிட்டு முழு வெளிச்சத்தில் வைத்தாலும், மே மாதத்தில் நம் ஊர் அறைச் சூட்டில் போன் கொதித்துத் தானாகவே வெளிச்சத்தைக் குறைத்துக்கொள்ளும்.

"திரை வேண்டாம், டார்ச் லைட்டை வைக்கிறேன்" என்பார்கள். நியாயமான கேள்வி. டார்ச்சைத் தோலோடு ஒட்டினால் அந்தச் சிறு புள்ளியில் வீச்சு நிஜமாகவே அதிகம். 40, 50 லூமன் ஒரு விரல்நுனி அளவு இடத்தில் விழுகிறது. ஆனால் அதுவும் 450 முனை உள்ள வெள்ளை எல்.இ.டிதான், 415 பக்கம் ஏறக்குறைய ஒன்றுமில்லை. அதோடு அது சுடும். சீழ் கோத்த பருவின் மேல் சூட்டை வைத்து அழுத்தினால் மிஞ்சுவது கறுப்பு வடு. கண்ணோரப் பருவுக்கு டார்ச்சைக் கொண்டுபோகவே கூடாது.

வேலூர்க்காரர்களுக்கு இன்னொரு விதமாகச் சொன்னால் எளிதில் பிடிபடும். உச்சி வெயிலில் 410 முதல் 420 நானோமீட்டர் வரையுள்ள பட்டையில் மட்டும் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 மில்லிவாட் இருக்கிறது. காட்பாடி ரயில் நிலையத்தில் இறங்கி பஸ் பிடிக்க நிற்கிற பத்து நிமிடத்தில் முகத்தில் விழும் சரியான நீலத்தைப் போன் எத்தனை நாள் வைத்தாலும் தராது. சிறு நீல ஒளியால் பரு போகுமென்றால் அக்னி நட்சத்திரத்தில் இந்த ஊரில் யாருக்கும் பரு இருக்கக் கூடாது. இதைப் படித்துவிட்டு வெயிலில் போய் நிற்க வேண்டாம். வெயிலில் புற ஊதாவும் சேர்ந்து வருகிறது. பரு வற்றுவதுபோல் இரண்டு நாள் தெரியும், அதன்பின் வடு கருத்து மாதக்கணக்கில் நிற்கும்.

போனைக் கன்னத்தில் அழுத்துவதில் தீங்கும் இருக்கிறது. அழுத்தம், வியர்வை, சூடு மூன்றும் சேர்ந்தால் துளை அடைபடும். ஹெல்மெட் பட்டை படுகிற தாடையில் வரிசையாகப் பரு வருவது இதே காரணத்தால்தான். போனில் நெடுநேரம் பேசுகிறவர்களுக்கு ஒரு கன்னத்தில் மட்டும் பரு அதிகமாக இருந்தால், முதலில் இயர்போனுக்கு மாறிப் பார்க்கலாம். திரையைத் துடைக்க 70 சதவீத ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த துணி போதும். போனை அணைத்துவிட்டுத் துடைக்க வேண்டும், நேராகத் தெளிக்கக் கூடாது.

மாஸ்க் வாங்குவதற்கு முன்

போனில் பலனில்லை என்று தெரிந்ததும் அடுத்துக் கண்ணில் படுவது ஆன்லைனில் விற்கும் எல்.இ.டி முகமூடி. இது போனுக்கும் மருத்துவமனை விளக்குக்கும் நடுவே நிற்கிற பொருள். எல்லாம் குப்பை என்று சொல்ல மாட்டோம். ஆனால் பெட்டியில் பளபளக்கிற எழுத்துகளில் பயன்படும் எண் பெரும்பாலும் இருக்காது. "7 நிறம்", "150 விளக்கு" என்பதெல்லாம் எதையும் சொல்லவில்லை. பருவுக்கு ஆதாரம் உள்ள நிறங்கள் நீலமும் சிவப்பும்தான். தேட வேண்டியவை: நீலத்தின் அலைநீளம் 405 முதல் 420க்குள் என்று எழுதியிருக்கிறதா, சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட், எத்தனை நிமிடம். "நீலம் 460" என்று போட்டிருந்தால் அது போன் திரையின் நீலம்தான்.

மில்லிவாட் எழுதாத பெட்டிக்கு ஒரு குறுக்குவழி உண்டு. அடாப்டரைப் பாருங்கள். 5 வோல்ட், 1 ஆம்பியர் என்றால் மொத்தமே 5 வாட். எல்.இ.டி அதில் மூன்றில் ஒரு பங்கை ஒளியாக மாற்றினால் 1.7 வாட். முகமூடியின் பரப்பு ஏறக்குறைய 500 சதுர சென்டிமீட்டர். வகுத்தால் 3.4 மில்லிவாட், அதுதான் உச்ச வரம்பு. பத்து நிமிடத்தில் 2 ஜூல். ஆய்வில் கொடுத்ததில் பாதி, மோசமில்லை. ஆனால் விளக்குகளில் மூன்றில் ஒன்றுதான் நீலம் என்றால் நீலத்தின் கணக்கு மூன்றில் ஒன்றாக இறங்கிவிடும். இந்தப் பெருக்கல் வகுத்தலை வாங்குவதற்கு முன்பே செய்துவிடலாம், விற்பனைப் பக்கத்துப் படத்திலேயே அடாப்டர் அளவு இருக்கும்.

வாங்கிவிட்டவர்களுக்கு: இரவில், முகம் கழுவித் துடைத்தபின், எதுவும் பூசாத தோலில். சன்ஸ்க்ரீனோ நிறம் கலந்த க்ரீமோ இருந்தால் ஒளியை அதுவே தடுத்துவிடும். கூடவே வந்த கண் மூடியைப் போட்டுக்கொள்ளுங்கள், கண்ணை மூடிக்கொண்டால் போதும் என்று நினைக்க வேண்டாம், இமை நீல ஒளியை முழுதாகத் தடுக்காது. 2019 ஜூலையில் நியூட்ரோஜினா தன் ஒளி முகமூடியைத் திரும்பப் பெற்றது. விழித்திரையில் சில பரம்பரை நோய் உள்ளவர்களுக்கும், கண்ணின் ஒளிக் கூச்சத்தைக் கூட்டும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கும் கண் பாதிக்க வாய்ப்பு இருக்கலாம் என்பது காரணம். பருவுக்கு டாக்டர் கொடுத்த டாக்ஸிசைக்ளின் மாத்திரையோ ஐசோட்ரெட்டினாயின் கேப்சூலோ எடுத்துக்கொண்டிருந்தால், அவரைக் கேட்காமல் எந்த ஒளியும் வேண்டாம். இரண்டுமே ஒளிக்குத் தோலைக் கூசவைப்பவை. பருவுக்கு ஜெல் பூசுகிறவர்கள் விளக்கை முதலில் முடித்து, அதன்பின் ஜெல்லுக்குப் போக வேண்டும்.

நம் தோலுக்கென்று ஒரு எச்சரிக்கை தனியாக உண்டு. வெளிநாட்டுச் சாதனக் குறிப்புகளில் இது பெரும்பாலும் இருக்காது. மாநிறத் தோலிலும் கறுத்த தோலிலும் நீல, ஊதா ஒளி நிறமியைத் தூண்டும். 415 ஒளி போட்ட இடம் கருத்து வாரக்கணக்கில் அப்படியே நிற்பது ஆய்வுகளில் தெரிந்த விஷயம். வெள்ளைத் தோலில் இந்தத் தொல்லை குறைவு. அதனால் மாஸ்க் போட ஆரம்பித்து மூன்று, நான்கு வாரத்தில் பரு குறைந்து முகம் மங்கலாகக் கருத்தால், அது "உள்ளே இருப்பது வெளியே வருகிறது" என்ற சமாதானத்துக்கு உரியதில்லை. நிறுத்திவிட வேண்டும். பகலில் இரும்பு ஆக்சைடு கலந்த, நிறமுள்ள சன்ஸ்க்ரீன் பூசினால் கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் அது தடுக்கும். நிறமில்லாத சன்ஸ்க்ரீன்கள் புற ஊதாவோடு பெரும்பாலும் நின்றுவிடும்.

வீட்டிலிருக்கும் வேறு விளக்குகள் பற்றி ஒரு வார்த்தை, இது கெஞ்சிக் கேட்டுக்கொள்வது. நகப்பூச்சு உலர்த்தும் பெட்டி 365, 405 நானோமீட்டரில் எரிகிறது. கொசு பிடிக்கும் ஊதா விளக்கும் அதே 365 பக்கம். கடையில் லூஸாகக் கிடைக்கும் "யு.வி 395" எல்.இ.டியும் அப்படியே. நிறம் ஒத்துப்போகிறதே என்று முகத்துக்கு நேராக வைக்கக் கூடாது. அவற்றில் புற ஊதா இருக்கிறது. தோலையும் கண்ணையும் கெடுக்கும்.

எல்லாம் சரியாகச் செய்தாலும் ஒளி துணை வைத்தியம்தான். அது கிருமியோடும் வீக்கத்தோடும் நின்றுவிடும். எண்ணெய்ச் சுரப்பைக் கட்டுப்படுத்தாது, துளை அடைப்பதை நிறுத்தாது. அந்த 2000 ஆய்விலேயே கரும்புள்ளி வகைப் பருவுக்குப் பலன் 58 சதவீதம்தான். தோலுக்கடியில் கல்போல நிற்கும் கட்டிகளுக்கு எட்டாது. நிறுத்தினால் கிருமி மறுபடி பெருகும். பருவுக்கான ஒளிச் சிகிச்சைகளை எல்லாம் சேர்த்துப் பரிசீலித்த 2016ஆம் ஆண்டின் காக்ரேன் தொகுப்பு (மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிடும் அமைப்பு காக்ரேன்), உறுதியாகச் சொல்லத் தரமான ஆதாரம் போதவில்லை என்றது. அமெரிக்கத் தோல் மருத்துவக் கழகம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் ஒளிச் சாதனங்களைப் பரிந்துரைக்கும் அளவுக்கு ஆதாரம் இல்லை என்றே வைத்தது. அதே வழிகாட்டுதல் அழுத்தமாகப் பரிந்துரைத்தவற்றில் முதலில் நிற்பவை, நம் ஊர் மெடிக்கலில் அலமாரியிலேயே இருக்கும் இரண்டு ட்யூப்.

அந்த இரண்டு ட்யூப்

பென்சாயில் பெராக்சைடு, அடாபலீன். மருத்துவர் ஒருமுறை பார்த்துச் சீட்டு எழுதினால் நல்லது. கர்ப்பமாக இருப்பவர்கள், கர்ப்பத்துக்கு முயல்பவர்கள் அடாபலீனைத் தொடக் கூடாது.

பென்சாயில் பெராக்சைடு 2.5 சதவீதத்தில் ஆரம்பித்தால் போதும். சதவீதம் கூடினால் பலன் அவ்வளவாகக் கூடுவதில்லை, எரிச்சல்தான் கூடும். 5 சதவீதம் மட்டுமே கிடைத்தால், பூசி ஐந்து முதல் பத்து நிமிடத்தில் கழுவிவிடலாம். கிருமியைக் கொல்ல அந்த நேரம் உதவும், தோல் உரிவது குறையும். இதற்குக் கிருமி பழகிப்போகாது. பலர் கடையில் கேட்டு வாங்கும் கிளிண்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லுக்கு அந்தத் தெம்பு கிடையாது. தனியாக மாதக்கணக்கில் போட்டால் கிருமி எதிர்ப்பு பழகும், பிறகு அந்த மருந்து உண்மையாகவே தேவைப்படும் நாளில் கேட்காது. கிளிண்டமைசின் எழுதியிருந்தால் கூடவே பென்சாயில் பெராக்சைடும் இருக்கிறதா என்று பாருங்கள்.

அடாபலீன் 0.1 சதவீதம், இரவில் மட்டும். முகம் கழுவி, ஒற்றித் துடைத்து, பதினைந்து இருபது நிமிடம் காயவிட வேண்டும். ஈரத்தில் பூசினால் எரியும். முழு முகத்துக்கும் சேர்த்து ஒரு பட்டாணி அளவு. நெற்றி, இரு கன்னம், தாடை என்று புள்ளி வைத்துப் பரப்புங்கள். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டோரம் வேண்டாம். பரு உள்ள இடத்தில் மட்டும் தொட்டு வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. இது இருக்கிற பருவுக்கான மருந்தைவிட, அடுத்த மாதம் வரப்போகிற பருவைத் தடுக்கும் மருந்து. அதனால் பரு வரும் பரப்பு முழுதும் மெல்லியதாகப் பட வேண்டும். முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். உரிந்தால் முதலில் மாய்ஸ்சரைசர், அதன்மேல் ஜெல்.

இரண்டாம் வாரத்திலிருந்து நான்காம் வாரம் வரை தோல் காயும், சிவக்கும், சிலருக்குப் பரு கூடியது போலவும் தெரியும். பெரும்பாலோர் கைவிடுவது இந்த இடத்தில்தான். கைவிட்டுவிட்டுத்தான் போன் செயலியைத் தேடுகிறார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் தாண்டாமல் பலனைத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அடாபலீனைப் பென்சாயில் பெராக்சைடோடு சேர்த்துப் போடலாம், இரண்டும் கலந்த ஜெல்லே வருகிறது. ஆனால் ட்ரெட்டினாயின் என்ற பழைய ஜெல் எழுதியிருந்தால், அதைப் பென்சாயில் பெராக்சைடு சிதைத்துவிடும். ஒன்று காலையில், ஒன்று இரவில் என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

பென்சாயில் பெராக்சைடு துணியின் சாயத்தை வெளுத்துவிடும். தலையணை உறையும் துண்டும் வெள்ளையாக இருக்கட்டும். பட்டுத் தாவணி, கலர் துப்பட்டா படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதைச் சூட்டில் வைக்கவும் கூடாது. சூடு பட்டால் அது பென்சீனாகச் சிதையக்கூடும் என்ற கவலை 2024இல் எழுந்து, அமெரிக்காவில் 2025இல் சில தயாரிப்புகள் திரும்பப் பெறப்பட்டன. ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலும், வெயில் படுகிற ஜன்னல் திட்டிலும் வைத்த ட்யூபைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்குவதே மேல். வேலூர்க் கோடையில் வீட்டின் குளிர்ந்த மூலை எதுவோ அங்கே வையுங்கள்.

காலையில் சன்ஸ்க்ரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். அடாபலீன் போடுகிறவர்களுக்கு இது விருப்பப்பட்டால் செய்வதில்லை, மருந்தின் பாதி.

பரு மாதிரி இருக்கும், பரு இல்லை

"அண்ணா, முகத்துக்கு நல்ல க்ரீம் ஒண்ணு குடுங்க" என்று கேட்டு வாங்கிவரும் ட்யூபில் பீட்டாமெத்தசோன், குளோபீட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு. பூசிய மூன்றாம் நாள் முகம் பளிச்சென்று ஆகும். சிவப்பு அடங்கும். அதனால்தான் அக்கா தங்கைக்கும், தங்கை தோழிக்கும் சொல்வது. சில வாரத்தில் ஒரே மாதிரியான சிறுசிறு பருக்கள் கொத்தாகக் கிளம்பும், தோல் மெலியும், நரம்பு தெரியும், நிறுத்தினால் நெருப்பாய் எரியும். எரிகிறதே என்று மறுபடி பூசுவார்கள். 2018இல் இந்த வகைப் பூச்சு மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் அரசு சேர்த்தது. இருந்தும் புழக்கம் நிற்கவில்லை. ட்யூபின் பின்பக்கச் சிறிய எழுத்தைப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பல மாதம் பூசியவர்கள் ஒரே நாளில் நிறுத்தாமல் தோல் மருத்துவரிடம் போய்த்தான் விடுபட வேண்டும்.

நெற்றி, முதுகு, மார்பில் ஒரே அளவில் பொரிப்பொரியாக, அரிப்போடு வருவது பெரும்பாலும் மலசேசியா என்ற பூஞ்சை. நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் இது சகஜம். பரு மருந்துக்கும் ஒளிக்கும் அசையாது. ஆன்டிபயாட்டிக் மாத்திரை சாப்பிட்டால் கூடிவிடும். பூஞ்சை மருந்து கொடுத்தால் சில வாரத்தில் தணியும். பருவா பூஞ்சையா என்று பிரித்துப் பார்க்க எளிய அடையாளம் அரிப்பு.

ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் லேத்திலும் மெஷினிலும் வேலை செய்கிற பையன்களுக்கு முன்கையிலும் தொடையிலும் வருவது இன்னொரு வகை. எண்ணெய் ஊறிய உடை நாள் முழுக்கத் தோலோடு உரசுவதால் வருகிறது. அங்கே மருந்தைவிட உடையை மாற்றுவது முக்கியம்: வேலைத்துணியை வீட்டுத் துணியோடு சேர்க்காமல் தினம் துவைப்பது, எண்ணெய்த் துணியைப் பாக்கெட்டில் சொருகாமல் இருப்பது. தலைக்கு எண்ணெய் வைத்துப் படுக்கிறவர்களுக்கு நெற்றி ஓரத்தில் மட்டும் வரிசையாக வந்தால், எண்ணெயைக் குளிப்பதற்கு ஒருமணி நேரம் முன்பு வைத்து அலசிவிட்டால் போதும்.

சாப்பாட்டைப் பற்றி நம் வீடுகளில் பேச்சு அதிகம், ஆதாரம் குறைவு. ஆம்பூர் பிரியாணியின் எண்ணெய் நேராக முகத்தில் வந்து வழியாது. முள்ளுக் கத்தரிக்காய்க்கும் பருவுக்கும் தொடர்பு காட்டிய சான்று இல்லை. ஓரளவு ஆதாரம் இருப்பது ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று ஏற்றும் உணவுக்கும் பாலுக்கும். ஆற்காட்டு மக்கன் பேடாவைத் தினம் சாப்பிடாதீர்கள் என்று சொல்லலாம், தீபாவளிக்குச் சாப்பிட்டதால் பரு வந்தது என்று பிள்ளையைத் திட்ட முடியாது. ஜிம்முக்குப் போகிறவர்கள், பாலிலிருந்து எடுக்கும் வே புரோட்டீன் பவுடரை இரண்டு மாதம் நிறுத்திப் பார்க்கலாம்.

போனால் ஆகக்கூடிய காரியம்

பரு வைத்தியத்தில் போனுக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. படம் எடுப்பது. தினமும் கண்ணாடி பார்க்கிறவர்களுக்கு எட்டு வாரத்து மாற்றம் தெரியாது. நேற்று வந்த ஒரு பருதான் தெரியும். வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஜன்னலைப் பார்த்து நின்று, ப்யூட்டி மோடை அணைத்துவிட்டு, பின்பக்கக் கேமராவில் மூன்று படம்: நேர்முகம், இடம், வலம். செல்பி கேமரா தோலை வழவழப்பாக்கிவிடும், அது உதவாது. வேறொருவர் ஒரு கை நீளத்தில் நின்று எடுப்பது நல்லது. படத்தைப் பெரிதாக்கி சிவந்த பருவை மட்டும் எண்ணி, தேதியோடு குறித்துவைத்தால் நான்காம் வாரத்தில் மருந்தைத் தூக்கி எறியத் தோன்றும்போது கையில் ஒரு கணக்கு இருக்கும்.

எண்ணிக்கை பன்னிரண்டு வாரத்தில் இறங்கவில்லை என்றாலோ, ஆழமான கட்டிகள் இருந்தாலோ, பள்ளம் விழத் தொடங்கியிருந்தாலோ வீட்டு வைத்தியம் எதிலும் நேரம் கடத்த வேண்டாம். தாடையோரம் பரு, மாதவிடாய் தள்ளிப்போவது, முகத்தில் முடி மூன்றும் சேர்ந்தால் சினைப்பை நீர்க்கட்டியையும் பார்க்க வேண்டியிருக்கும். பருவோடு காய்ச்சலும் மூட்டுவலியும் வந்தால் அன்றே போக வேண்டும். வேலூர் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது, கட்டணம் கிடையாது. சி.எம்.சி. எனப்படும் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் இருக்கிறது.

போகும்போது இதுவரை பூசிய எல்லா ட்யூபையும், காலியானது உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். எழுத்து அழிந்துபோன ட்யூப் என்றால் வாங்கிய கடையில் பெயரைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மாஸ்க் போட்டிருந்தால் அதன் பெட்டியையும் எடுத்துக்கொள்ளுங்கள். போனில் அந்த மூன்று மூன்று படங்களும் தேதியோடு இருந்தால் டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.